“சிஸ்டர், கொஞ்சம் உட்காருங்களேன்!” - நோயாளியோடு பேச நேரம் கிடைக்கிற நர்சிங் பிரிவு எது?

கடலூரில் இருந்து சிதம்பரம் போற காலை பஸ்ல ஏறினா, புதுச்சத்திரம் தாண்டுறதுக்குள்ள ரெண்டு நர்சிங் மாணவிகளையாவது பார்த்துடலாம். தோள்ல பை, மடியில கேஸ் ஸ்டடி நோட்டு. அவங்கள்ல நீங்களும் ஒருத்தரா? அப்போ இந்தக் கேள்வி உங்களுக்கும் இருக்கும். ‘பி.எஸ்சி முடிச்சு அடுத்து என்ன எடுக்கிறது? ஊசி, மாத்திரை, ரெஜிஸ்டர்னு ஓடாம, நோயாளி பக்கத்துல உட்கார்ந்து பேசுற வேலை எதுல இருக்கு?’

முதல்ல ஒரு கணக்கு பார்ப்போம். 67 நாடுகளின் தகவல்களை அலசி, 2017-ல் ‘பி.எம்.ஜே ஓப்பன்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, டாக்டர் ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். ‘இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்பதில் ஆரம்பிச்சு ‘நான் பொழைச்சுடுவேனா?’ வரைக்கும், மிச்சக் கேள்வியெல்லாம் யார்கிட்ட வருது? உங்ககிட்டதான்.

‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற பேரை யூடியூப்ல கேட்டிருப்பீங்க. அமெரிக்காவில் 1965-ல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பு அது. அங்கே பல மாநிலங்களில் அவங்களே பரிசோதிச்சு, மருந்து எழுதி, தனி கிளினிக்கும் நடத்தலாம். அந்தக் கனவோட இங்கே சேர்ந்துடாதீங்க. இந்திய நர்சிங் கவுன்சில் 2017 வாக்கில் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, தீவிர சிகிச்சைக்கானது. ரெண்டு வருஷ முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி-க்கு அப்புறம் பணி அனுபவமும் வேணும். வேலை, மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்குள்தான்.

ஐ.சி.யூ-வில் வென்டிலேட்டர் நோயாளி ஒருத்தருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் விதி. நேரம் இருக்கு, ஆனா நோயாளி மயக்கத்துல இருப்பார். நீங்க பேசுறது பெரும்பாலும் வெளியே பெஞ்சுல ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிற அவர் மனைவிகிட்ட. அதுவும் லேசான வேலை இல்லைங்க!

இன்னொண்ணு, பேறுகாலத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி, 18 மாதம். முதல் பிரசவம் 12 மணி நேரம்கூட இழுக்கும். அவ்வளவு நேரமும் கூட இருந்து முதுகைத் தடவி, நடக்கவெச்சு, பயத்தைக் குறைக்கிறதே இந்தப் படிப்போட சாரம். ஆனா, ஒரே நேரத்துல நாலு பேருக்கு வலி எடுக்கிற வார்டுல போட்டுட்டா, படிச்சதெல்லாம் ஏட்டோடதான்.

என்னைக் கேட்டா, நீங்க தேடுறது அதிகம் கிடைக்கிற இடம் வலிநிவாரண சிகிச்சை, அதாவது பேலியேட்டிவ் கேர். ஆகஸ்ட் 5, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல இதுக்குன்னே நர்ஸ்கள் வீடு வீடா போறாங்க. கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு வீட்டை நினைச்சுக்கோங்க. பக்கவாதத்துல படுத்த தாத்தா. முதுகுப் புண்ணைச் சுத்தம் பண்ணணும், யூரின் டியூப் பார்க்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்கிறதுன்னு மருமகளுக்குக் காட்டணும். இதை அஞ்சு நிமிஷத்துல முடிக்கவே முடியாது. அந்த மருமகள் சரியா தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியவர்றதும் அப்போதான்.

விலையும் இருக்கு. இதுபோன்ற பணிகள் பலதும் தொகுப்பூதியம். வெயில்ல அலையணும். போன வாரம் பேசினவர் இந்த வாரம் இருக்க மாட்டார். அதைத் தாங்க முடியுமான்னு உங்களை நீங்களே கேட்டுக்கோங்க.

மனநல நர்சிங்கும் நல்ல தேர்வு. அங்கே பேச்சே சிகிச்சை. எம்.எஸ்சி-ல தனிப் பிரிவாவே இருக்கு. 2004 சுனாமியைப் பார்த்த நம்ம கடற்கரை ஊர்களுக்கு அதோட அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. துணை சுகாதார நிலையத்து வேலையில மக்களோட பழக்கம் நெருக்கமா இருக்கும், ஆனா சமவெளியில சுமார் 5,000 பேருக்கு ஒரு நிலையம். ஆப்-ல என்ட்ரி போடறதே பாதி நாளை விழுங்கிடும்.

அதனால எந்தப் பிரிவா இருந்தாலும், சேர்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் விசாரிங்க. ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை நோயாளி? ஒரு நாளைக்கு எத்தனை வீடு? என்ட்ரி வேலையை யார் பார்க்கிறாங்க? அடுத்த கிளினிக்கல் போஸ்டிங்ல, உங்க சீனியர் அக்கா ஒரு ஷிஃப்ட்ல எத்தனை தடவை நோயாளி பக்கத்துல உட்கார்ந்தாங்கன்னு சும்மா எண்ணிப் பாருங்களேன்.