நடைவண்டி எதுவரை? கோல்ஃப் பயிற்சிக் கருவிகளின் பயனும் எல்லையும்

வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாசற்கதவின் அருகே ஒரு கோல்ஃப் பை சாய்த்து வைக்கப்பட்டிருப்பது இன்று வியப்புக்குரிய காட்சியன்று. 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் வழங்கிய நிலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வேளாண் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர் இது. இப்போது மென்பொருள் நிறுவனங்களின் ஊராகிவிட்டது. அந்நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களும் இங்கு ஏராளம். வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்போர் வார இறுதியில் திறந்தவெளியை நாடுவது இயல்பு. அந்த நாட்டம் சிலரைக் கோல்ஃப் திடலுக்கு அழைத்துச் செல்கிறது.

ஆட்டத்தில் ஆர்வம் பிறந்த சில நாட்களிலேயே கைப்பேசியில் விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்குகின்றன. விரல்களுக்குப் பள்ளம் வெட்டிய கைப்பிடி, நடுவில் மடங்கும் மட்டை, மணிக்கட்டைக் கட்டிவைக்கும் பட்டை, வீச்சை அளந்து சொல்லும் உணரி எனப் பலவும் கடைவிரிக்கின்றன. இவற்றுள் எது என்ன செய்கிறது? எந்த இடத்தில் அதன் உதவி நின்றுவிடுகிறது? பணம் கொடுப்பதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெங்களூரும் கோல்ஃபும்

இவ்வாட்டம் பெங்களூருக்குப் புதியதன்று. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் தொடங்கப்பெற்றது. வைட்ஃபீல்டிலிருந்து மாரத்தஹள்ளி கடந்து பழைய விமான நிலையச் சாலை வழியே நகருக்குள் செல்வோர், தொம்மலூர் வட்டாரத்தில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பசுந்திடலைக் கடந்தே போகின்றனர். அதிதி அசோக் சிறுமியாக ஆடக் கற்றது இத்திடலில்தான். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 18. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் நான்காம் இடம் பெற்றார். நான்கு நாட்கள், 72 குழிகள் ஆடி முடித்தபோது பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஓர் அடி.

இந்நகரம் மற்றொரு மரபையும் வளர்த்திருக்கிறது. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து உடன்செல்லும் உதவியாளராகப் பெங்களூரில் தொடங்கிய சி. முனியப்பா, 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். பிடதிக்கு அருகிலுள்ள ஈகிள்டன் திடலில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்த எஸ். சிக்கரங்கப்பா, தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்தார். இவர்கள் கடையில் வாங்கிய கருவியோடு ஆட்டத்துக்குள் வந்தவர்கள் அல்லர். நல்ல ஆட்டத்தை நாள்தோறும் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பே இவர்களின் தொடக்கப் பள்ளியாயிற்று. கருவிகளை மதிப்பிடும்போது இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிடியில் என்ன இருக்கிறது?

கோல்ஃபில் மட்டையைத் தொடுவது இரு கைகள் மட்டுமே. உடல் திரட்டித் தரும் விசை முழுவதும் அந்த இரு கைகளின் வழியாகவே மட்டைக்குப் போய்ச் சேர்கிறது. சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் நீண்ட மட்டையை வீசும்போது அதன் தலை மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடைகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்நேரத்துக்குள் எதையும் திருத்த மனிதரால் இயலாது. ஆகவே மட்டைமுகம் எத்திசை நோக்கிப் பந்தைச் சந்திக்கும் என்பது, வீசத் தொடங்கும் முன்பே கைகள் அமர்ந்த விதத்தால் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பந்து புறப்படும் திசை ஒரு பாகை மட்டும் பிசகினால், 200 மீட்டர் தொலைவில் அது இலக்கிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் விலகியிருக்கும். ஐந்து பாகை பிசகினால் விலகல் பதினேழு மீட்டரைத் தாண்டும். பந்தின் சுழற்சியால் வரும் வளைவு இதில் சேரவில்லை. குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர்தான்.

வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் அமையும். இரு கைகளையும் இணைக்கும் முறைகள் மூன்று. வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை விரல்களின் மேல் படியவைப்பது முதல் முறை. இதைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன். ஆதலால் இது வார்டன் பிடி எனப்படுகிறது. வலக்கைச் சுண்டுவிரலையும் இடக்கை ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்வது இரண்டாவது. ஜாக் நிக்லாஸும் டைகர் வுட்ஸும் கையாண்ட பிடி இது. பத்து விரல்களும் கைப்பிடியைத் தொடுவது மூன்றாவது. சிறுவர்களுக்கும் கையில் வலு குறைந்தோருக்கும் இது ஏற்றது.

முறை எதுவாயினும் அடிப்படை ஒன்றே. கைப்பிடி உள்ளங்கையின் நடுவில் கிடக்காமல், விரல்களின் அடிப்பகுதியில் சாய்வாக அமைய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உருவாகும் கோடு வலத் தோளை நோக்க வேண்டும். கைகள் அளவுக்கு மீறி இடப்புறம் திரும்பியிருந்தால் மட்டைமுகம் திறந்துகொண்டு பந்து வலப்புறம் வளைந்தோடும். வலப்புறம் திரும்பியிருந்தால் இதற்கு நேர்மாறாக நிகழும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனித் தடை உண்டு. இளமையில் கிரிக்கெட் ஆடிப் பழகிய கைகள் கோல்ஃப் மட்டையையும் இறுகப் பற்றுகின்றன. கீழ்க்கை தானே முன்னின்று அடிக்க முயல்கிறது. ஆனால் கோல்ஃப் பிடி, உள்ளங்கைக்குள் ஒரு பறவைக் குஞ்சை ஏந்துவது போன்றது என்பர் பயிற்றுநர்கள். அது பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. இறுகப் பற்றினால் மணிக்கட்டு தாராளமாக மடங்காது. பந்தும் தொலைவு போகாது. அதே பழக்கம் நீடித்தால் முழங்கையின் உட்புறத் தசைநாண்களில் வலி தோன்றும். மருத்துவர்கள் அவ்வலியைக் 'கோல்ஃபர் முழங்கை' என்றே அழைக்கின்றனர்.

கருவிகள் எவ்வாறு உதவுகின்றன?

சந்தையிலுள்ள கருவிகள் பல பெயர்களில் வந்தாலும், செய்யும் வேலையைக் கொண்டு அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கையை இருத்துவது. விரல் ஒவ்வொன்றும் எங்கே அமர வேண்டும் என்று பள்ளமிட்ட அச்சுக் கைப்பிடி இதற்குச் சான்று. தவறாகப் பிடித்தால் அது கையில் பொருந்தாது. தொலைக்காட்சி பார்க்கும்போதும் கையில் வைத்துக்கொள்ளலாம். புதியவருக்கு இதன் பயன் தெளிவானது. சரியான பிடி முதல் நாளில் யாருக்கும் வசதியாக இராது. பழகப் பழகவே இயல்பாகும்.

இரண்டாம் வகை, தவற்றைக் காட்டிக்கொடுப்பது. தண்டின் நடுவில் கீல் வைத்த மட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீச்சு சீராக இருந்தால் அது நேராகவே இருக்கும். பின்னிழுப்பின்போது வெடுக்கென்று இழுத்தாலோ மணிக்கட்டு தவறாகத் திரும்பினாலோ கீல் மடங்கிவிடும். எந்த இடத்தில் பிழை நிகழ்ந்தது என்பதை அந்நொடியே கை உணர்ந்துகொள்கிறது.

மூன்றாம் வகை, தாளத்தைக் கற்பிப்பது. வளையும் தண்டும் நுனியில் எடையும் கொண்ட மட்டைகள் இவ்வகையின. அவசரப்பட்டால் தண்டு வளைந்து கட்டுப்பாட்டை மீறும். தேர்ந்த ஆட்டக்காரர்களின் வீச்சை ஆராய்ந்தவர்கள், மட்டையைப் பின்னிழுக்க ஆகும் நேரம் கீழே கொணரும் நேரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டுள்ளனர். இந்த மூன்றுக்கு ஒன்று என்னும் காலப்பிரமாணத்தை உடலுக்குள் பதியவைப்பதே இம்மட்டைகளின் பணி.

நான்காம் வகை, அளந்து சொல்வது. கைப்பிடியின் நுனியில் பொருத்தும் உணரிகளும் பயிற்சித் திடல்களில் காணப்படும் ராடார் கருவிகளும் வேகம், கோணம், மட்டைமுகத்தின் திசை ஆகியவற்றை எண்களாக்கித் தருகின்றன. இவை எதையும் திருத்துவதில்லை. அவ்வெண்களின் பொருளைப் படித்துச் சொல்ல அறிந்த ஒருவர் அருகில் இருந்தால்தான் இவற்றால் பயன் உண்டு.

கருவி நின்றுவிடும் இடம்

நம் வீடுகளில் குழந்தை நடை பழக மரத்தாலான நடைவண்டியைத் தருவோம். அதைத் தள்ளிக்கொண்டு குழந்தை கூடத்தைச் சுற்றிவரும். அது அழகான காட்சிதான். ஆனால் வண்டியை விட்டுவிட்டு நான்கடி எடுத்துவைக்கும் நாளில்தான் குழந்தை நடந்தது என்று மகிழ்கிறோம். கோல்ஃப் கருவிக்கும் இதுவே அளவுகோல்.

உடற்திறன்களைக் கற்பது பற்றி ஆராய்ந்த சால்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகிய மூவர் 1984இல் ஒரு முக்கியக் கருத்தை முன்வைத்தனர். கற்பவருக்கு ஒவ்வொரு முயற்சியிலும் வெளியிலிருந்து திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால், பயிற்சியின்போது அவர் நன்றாகச் செய்வார். அத்திருத்தம் நீங்கியதும் திறன் குன்றிவிடும். ஏனெனில் தன் உடல் தரும் குறிப்புகளைக் கவனிக்க அவர் பழகவில்லை. திருத்தத்தை இடைவெளிவிட்டு அளித்து, படிப்படியாகக் குறைத்தால் கற்றது நிலைக்கும்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எளிது. கருவியோடு ஐந்து முறை வீசியபின், அதை ஒதுக்கிவிட்டுச் சாதாரண மட்டையால் ஐந்து பந்துகளை அடிக்க வேண்டும். அடுத்த வாரம் கருவியோடு மூன்று, கருவியின்றி ஏழு என மாற்ற வேண்டும். கருவியோடு அழகாகவும் அதை விட்டதும் பழையபடியும் ஆடினால், கற்றுக்கொண்டது கருவியைக் கையாளும் திறன் மட்டுமே என்று அறியலாம்.

ஆட்டவிதி சொல்வது

கருவியை விட்டுவிட வேண்டும் என்பது பயிற்சி முறை மட்டுமன்று, சட்டமும் கூட. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய அமைப்புகளின் நெறிப்படி, கைகளுக்கேற்ப வார்க்கப்பட்ட கைப்பிடி கொண்ட மட்டை ஆட்டத்துக்கு உரியதன்று. விதி 4.1இன்படி, ஒவ்வாத மட்டையால் ஓர் அடி அடித்தாலும் போட்டியிலிருந்து நீக்கப்பட நேரும். விதி 4.3இன்படி, ஆட்டம் நடக்கும்போது பயிற்சிக் கருவிகளைக் கொண்டு ஒத்திகை வீச்சு வீசுவதும் குற்றமாகும். அடிக்கணக்கு ஆட்டத்தில் முதல் மீறலுக்கு இரண்டு அடிகள் தண்டனை. மீண்டும் மீறினால் நீக்கம். ஓர் அடியில் ஒலிம்பிக் பதக்கம் கைநழுவும் ஆட்டத்தில் இரண்டு அடிகள் என்பது சிறிய இழப்பன்று. நிறுவனங்களுக்கிடையிலான வார இறுதிப் போட்டிகளில் புதிதாகக் கலந்துகொள்வோர், முதல் அடிக்கு முன் தங்கள் பையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.

பணம் கொடுப்பதற்கு முன்

முதலில் உங்கள் குறை எது என்று அறியுங்கள். பயிற்றுநர் ஒருவரிடம் இரண்டு மூன்று வகுப்புகள் சென்றால் அது தெரிந்துவிடும். பிடியில் குறையிருப்பவருக்குத் தாளக் கருவியால் பயனில்லை.

செலவில்லாத சோதனைகள் சில உண்டு. உங்கள் கையுறையை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அது தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், வீச்சின்போது மட்டை கைக்குள் நழுவுகிறது என்று பொருள். கையிடுக்கில் ஒரு சிறு துண்டை வைத்துக்கொண்டு அரை வீச்சு வீசுங்கள். துண்டு விழாமல் இருந்தால் கையும் உடலும் இணைந்து இயங்குகின்றன என அறியலாம்.

கருவி உங்கள் கைக்கு உரியதா என்று பாருங்கள். வலக்கையருக்கு வார்த்த பிடி இடக்கையருக்குப் பொருந்தாது. பெரியவர்களின் அளவும் எடையும் கொண்ட கருவியைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், எடையைச் சமாளிக்கத் தவறான வீச்சையே அவர்கள் பழகுவர்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்குவதாயின், காட்டப்படும் விலையோடு சுங்க வரி, அனுப்புச் செலவு, அட்டைக்குரிய அயல்நாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். அத்தொகையில் எத்தனை பயிற்சி வகுப்புகளுக்குச் செல்லலாம் என்றும் ஒப்பிடுங்கள். திருப்பியனுப்பும் வசதி உண்டா என்பதையும் முன்னரே படித்துவிடுங்கள்.

வீட்டில் பழகுவோர் இடத்தைக் கவனிக்க வேண்டும். அடுக்ககக் கூடத்தில் முழு வீச்சு வீசினால் மின்விசிறியோ அருகில் விளையாடும் குழந்தையோ மட்டையின் வழியில் வரக்கூடும். உள்ளே குட்டையான பிடிக் கருவியோடு நிறுத்திக்கொண்டு, வீச்சைத் திடலில் பழகுவதே பாதுகாப்பானது. முழங்கையிலோ மணிக்கட்டிலோ வலி தோன்றினால் கருவியை ஒதுக்கிவைத்து மருத்துவரை நாடுங்கள்.

வாங்கியபின் ஒரு சிறு குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை, கருவியின்றி அடித்த பத்துப் பந்துகளில் எத்தனை இலக்கை நோக்கிச் சென்றன என்று எழுதி வாருங்கள். இரண்டு மாதங்களில் அந்த எண் உயர்ந்திருந்தால் செலவழித்த பணம் பயன் தந்திருக்கிறது. உயரவில்லையெனில், அடுத்த கருவியைத் தேடும் முன் பயிற்றுநரிடம் உங்கள் கைகளை ஒருமுறை காட்டுங்கள்.