காட்டுப் பன்றியும் கழிச்சல் கிருமியும்

காட்டுப் பன்றியால் உண்டாகும் நஷ்டத்தைக் கணக்கிடுகையில், மிதியுண்ட நெற்பயிரையும் தோண்டியெறியப்பட்ட வேர்க்கடலையையும் மட்டுமே குடியானவர்கள் கணக்கிற் சேர்ப்பது வழக்கம். அப்பிராணி வரப்பிலும் குட்டைக் கரையிலும் இட்டுச் செல்லும் விட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மாடு கன்றுகளுக்கும் மனிதருக்கும் கழிச்சல் நோயைத் தரவல்ல சால்மொனெல்லா என்னும் கிருமி அவ்விட்டையில் இருக்கக்கூடும். ஆகையால் இவ்விஷயம் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1885-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்பவர் இக்கிருமியை நோயுற்ற பன்றிகளிலிருந்து பிரித்தெடுத்தார். அவருக்குத் தலைவராயிருந்த டேனியல் சால்மன் என்னும் கால்நடை மருத்துவரின் பெயரே இதற்கு இடப்பட்டது. இதில் 2,500-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. மனிதருக்கு டைபாய்டு ஜுரத்தை உண்டாக்கும் வகை மனிதரிடத்தே மட்டும் வாழ்வது. அது பன்றியால் வருவதன்று. ஏனைய பல வகைகள் பிராணிகளிடமிருந்து மனிதருக்குத் தாவக் கூடியவை.

நோயின் அடையாளம் சிறிதுமில்லாத பன்றியும் குடலில் இக்கிருமியைத் தாங்கி, விட்டை வழியே வெளிவிடும். இத்தாலி, ஸ்பெயின் முதலிய தேசங்களில் காட்டுப் பன்றிகளைச் சோதித்தபோது இது கண்டறியப்பட்டது. சுவீடன் தேசத்தில் பல்லாண்டுகளாகக் காணப்படாதிருந்த பன்றி வகைச் சால்மொனெல்லா 2020-இல் ஒரு பண்ணையில் தோன்றியது. பிறகு அங்குள்ள காட்டுப் பன்றிகளிலும் அது இருப்பது தெரியவந்தது.

நமது மாநிலத்தில் 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப் பன்றிகள் பல மடிந்தன. சோதனையில் அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்தது. அந்நோய் மனிதரைத் தொடாது, சால்மொனெல்லாவோ தொடும். செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்ணாற் பார்த்து, எந்நோயால் செத்தது என்று சொல்ல எவராலும் இயலாது என்பதே இதனால் நாம் அறிய வேண்டியது.

வள்ளூர், மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கங்கள் சமவெளியாதலால், இங்கு காட்டுப் பன்றியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டுமென்று சிலர் வினவலாம். குப்பைமேட்டில் திரியும் வளர்ப்புப் பன்றியும் காட்டுப் பன்றியும் ஒரே இனம். கிருமிக்கு இரண்டும் ஒன்றே. மேலும், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் ஏறிக் கிணறுகள் பல உப்பாகிவிட்டபடியால், கால்நடைகளுக்குக் குளம் குட்டைகளின் நல்ல ஜலம் மிகவும் அருமையானது. மழைக்காலத்தில் விட்டை கரைந்து அந்த ஜலத்தில் கலக்குமாயின், ஒரே குட்டையில் குடிக்கும் மந்தை முழுவதற்கும் அபாயம் நேரும்.

நோய்க் குறிகளாவன: கன்றுகளுக்குக் கடுஞ்ஜுரமும், சளியும் இரத்தமும் கலந்த துர்நாற்றக் கழிச்சலும் உண்டாகும், உடலின் நீர் வற்றிச் சில நாட்களில் இறந்துபோகவும் கூடும். சினை மாடுகள் கன்று வீசலாம். மனிதருக்குக் கிருமி உட்சென்ற 6 முதல் 72 மணி நேரத்திற்குள் ஜுரம், வயிற்று வலி, வாந்தி, பேதி தோன்றும். பெரும்பாலோர் ஒரு வாரத்திற்குள் குணமடைவர். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அபாயம் மிகுதி.

அனுசரிக்க வேண்டிய முறைகள்:

1. தீவனத்தையும் தொட்டியையும் பன்றி எட்டாதபடி அடைத்து வைக்க வேண்டும். பன்றி முட்டித் தூக்கும் வழக்கமுடையதாதலால், வேலியின் அடிப்பாகத்தை மண்ணிற் புதைத்தல் நலம். மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் குற்றம். அது மனித உயிரையும் மாட்டையும் மாய்க்கும்.

2. குட்டையில் கால்நடைகளை இறக்காமல், ஜலத்தை மொண்டு தொட்டியில் ஊற்றிக் காட்டுதல் மேல். தொட்டியை அடிக்கடி தேய்த்துக் கழுவுக.

3. கன்று பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. கழிச்சல் கண்ட கன்றை உடனே பிரித்துக் கட்டி, அதனைப் பராமரிப்பவர் சோப்பினாற் கைகழுவ வேண்டும்.

4. தரையில் சாணத்தை முற்றிலும் நீக்கிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளிக்க வேண்டும். சாணத்தின்மேல் தெளித்தால் மருந்தின் வீரியம் கெடும்.

5. பாலைக் காய்ச்சியே பருகுக. பன்றி உழப்பிய பாத்தியின் கீரை, முள்ளங்கியைப் பச்சையாக உண்ணலாகாது.

6. வைத்தியரைக் கேளாமல் கடையில் மருந்து வாங்கிப் புகட்டுதல் தகாது. அதனால் கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப் பன்றிகளை வனத்துறையினர் சுட 2025 ஜனவரியில் அரசு அனுமதியளித்தது. குடியானவர் தாமே சுடுவதற்கு அன்று. இறந்த காட்டுப் பன்றி சட்டப்படி அரசின் உடைமை. அதை அறுத்துப் பங்கிடுதல் குற்றமாவதுடன், அறுக்குங்கால் குடல் கிழிந்து கத்தியும் பலகையும் கிருமி ஏறி, உடன் சமைக்கும் பிற உணவையும் கெடுக்கும். உப்பிட்டுக் காயவைத்தாலும் குளிரில் வைத்தாலும் கிருமி ஒழிந்துவிடும் என்று நம்புதற்கில்லை. ஆகவே பிணம் கண்டால் எவரையும் நெருங்கவிடாமல், வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் தாமதம் ஒரு மந்தையை இழக்கச் செய்யலாம்.