தீயைத் தாமதப்படுத்தும் பலகை: எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

அலமாரி, கதவு, மாடுலர் கிச்சன், அலுவலகத் தடுப்பு என எங்கும் இன்று பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் பலகைகள்தான். மரத்தகடு, மரச்சிம்பு, மரநார் ஆகியவற்றைப் பசையிட்டுச் சூட்டில் அழுத்திச் செய்பவை இவை. தீப்பிடித்தால் மரம் போலவே எரியும். எரியவே எரியாத மரப்பலகை என்று எதுவும் கிடையாது. ஆனால், எரிவதைத் தாமதப்படுத்த முடியும். வீட்டில் இருப்பவர்கள் வெளியேற அந்த நிமிடங்கள்தான் தேவை.

கரியே கவசம்

வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரத்திலுள்ள செல்லுலோஸ் சிதைந்து, எளிதில் தீப்பற்றும் ஆவிகள் கிளம்புகின்றன. கொழுந்துவிட்டு எரிவது அந்த ஆவிகளே. பலகையில் பாஸ்பேட் உப்பு ஏறியிருந்தால், சூட்டில் அது பாஸ்பாரிக் அமிலத்தைத் தரும். அந்த அமிலம் செல்லுலோஸை ஆவியாக விடாமல் கரியாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. மேலே படியும் கரி, உள்ளே வெப்பம் இறங்குவதைக் குறைக்கிறது. போரான் உப்புகள் உருகிக் கண்ணாடிபோல் படலமிடும். 1821-இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக், துணிகள் தீப்பற்றாமலிருக்க அம்மோனியம் பாஸ்பேட்டையும் வெண்காரத்தையும் பரிந்துரைத்திருக்கிறார்.

பிளைவுட்டுக்கு உப்பு ஏற்றும்போது, பலகையை மூடிய உருளையில் வைத்து முதலில் மரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்தி, பலகையை உலர்த்துவார்கள். எம்.டி.எஃப் பலகையில் உப்பை நாரோடு கலப்பதும் உண்டு. அங்கே கவனம் வேண்டும். உப்பு பசையின் இறுகலைக் கெடுத்தால் பலகையின் பிடிப்பே தளர்ந்துவிடும்.

அமெரிக்கா கற்ற பாடம்

1980-களில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், அடுக்கு வீடுகளின் கூரைக்கு அடியில் இப்படி உப்பு ஏற்றிய பிளைவுட் போடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது கறுத்து, நொறுங்கத் தொடங்கியது. தீயில் மட்டும் வேலை செய்ய வேண்டிய அமிலம், கோடை வெயிலில் கூரை சூடானபோதே சுரந்து மரத்தை அரித்திருந்தது. நீண்ட நாள் வெப்பத்தில் பலகையின் வலிமையைச் சோதிக்கும் முறைகள் அதன்பிறகுதான் வகுக்கப்பட்டன. வெயில் கொளுத்தும் நம் ஊருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

எதைப் பார்த்து வாங்குவது?

இந்தியாவில் தீத்தடுப்பு பிளைவுட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 5509. தீப்பற்றும் தன்மை, பலகையைத் தீ துளைக்கும் நேரம், எரியும் வேகம் மூன்றையும் அது சோதிக்கிறது. கடைகளில் ‘மரைன்’ என்று விற்கும் ஐ.எஸ். 710 பலகை தண்ணீரைத் தாங்கும். தீக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. சாதாரணப் பலகைமேல் பூசும், சூட்டில் உப்பி நுரைக்கும் பெயின்ட்டும் உண்டு. பூச்சு உரிந்தால் பாதுகாப்பும் போய்விடும்.

பலகை வாங்கும்போது விலையைக் கேட்கும் முன், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 5509 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.