மரச்செக்கு வாங்கும் முன் மூன்று கணக்கு

நிலக்கடலையைக் காயாக விற்காமல் எண்ணெயாக ஆட்டி விற்றால் கூடுதல் வருமானம் பெறலாம். இதற்காக மின்சார மரச்செக்கு அமைக்க விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். ஆனால் நகையை அடகு வைத்துச் செக்கை வாங்கிய பிறகு வாடிக்கையாளரைத் தேடினால், கடன் தவணை காத்திருக்காது. செக்கு ஒரு கருவிதான். அதைக் கொண்டு பணம் எந்த வழியில் வரும் என்பதை முதலில் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நன்கு முற்றிக் காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு கிடைக்கும். பருப்பில் எண்ணெய்ச் சத்து 45 சதத்துக்கு மேல் இருந்தாலும், மரச்செக்கில் 40 சதம் என்று கணக்கிடுவதே நல்லது. மீதி பிண்ணாக்கில் தங்கிவிடும். ஆக 28 கிலோ, அதாவது சுமார் 30 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் உதாரணத்துக்காகவே. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூலிக்கு ஆட்டுதல்

பிறர் கொண்டுவரும் பருப்பை ஆட்டிக் கொடுத்துக் கூலி பெறுவது முதல் வழி. சரக்கு வாங்க முதல் தேவையில்லை. விலை இறங்கினாலும் நட்டம் இல்லை. ஆனால் தவணை, வாடகை, ஆள் சம்பளம் சேர்ந்து மாதம் 30,000 ரூபாய் என்றும், மின்சாரச் செலவு போகக் கிலோவுக்கு 10 ரூபாய் நிற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது மாதம் 3,000 கிலோ ஆட்டினால்தான் செலவு கட்டும். 25 நாள் வேலை என்றால் நாளொன்றுக்கு 120 கிலோ. தடவைக்கு 15 கிலோ வீதம் 8 தடவை ஆட்ட வேண்டும். அறுவடை முடிந்த மாதங்களிலும் இவ்வளவு வருமா என்று பார்க்க வேண்டும். எள்ளும் கொப்பரையும் வரும் ஊராக இருந்தால் இவ்வழி பொருந்தும்.

வாங்கி ஆட்டி விற்றல்

பருப்பை விலைக்கு வாங்கி எண்ணெயாக விற்பது இரண்டாவது வழி. கிலோ 120 ரூபாய் வீதம் 1,000 கிலோ பருப்புக்கு 1,20,000 ரூபாய் ஆகும். 570 கிலோ பிண்ணாக்கு, கிலோ 40 ரூபாய் வீதம் 22,800 ரூபாய் தரும். மீதி 97,200 ரூபாயை 440 லிட்டர் எண்ணெய் தாங்க வேண்டும். லிட்டருக்கு 221 ரூபாய். இது சரக்கின் அடக்கம் மட்டுமே. மாதச் செலவு 30,000 ரூபாயைச் சேர்த்தால் லிட்டருக்கு இன்னும் 68 ரூபாய் ஏறும். மாதம் 3,000 கிலோ ஆட்டினால் இந்த 68 ரூபாய் 23 ரூபாயாகக் குறையும். புட்டி, மின்சாரம், கடைக்காரர் கழிவு ஆகியவை தனி. கடைக்காரர் ஒரு மாதம் கழித்துப் பணம் தந்தால், அதுவரை அடுத்த சரக்கு வாங்கவும் கையில் முதல் வேண்டும். இவ்வழியில் பலரும் சறுக்குவது லாபம் இல்லாததால் அல்ல. கைமுதல் முடங்கிப் போவதால்தான்.

கூட்டாக நடத்துதல்

விவசாயிகள் சேர்ந்து நடத்துவது மூன்றாவது வழி. உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது. முதல் பங்கிடப்படும், காய் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் வெளி வியாபாரி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் உறுப்பினர் காயை அவரிடம் போட்டுவிடக்கூடும். செக்கு சும்மா நிற்கும். காய்க்கு உடனே எவ்வளவு, எண்ணெய் விற்றபின் எவ்வளவு என்பதை முன்னதாகவே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும்.

தரமும் உரிமமும்

எந்த வழியானாலும் காயின் ஈரப்பதம் 8 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு உருளும் ஓசை கேட்க வேண்டும். பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி அகற்ற வேண்டும். இல்லையேல் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் சேரும். அப்பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் வரும். எண்ணெய் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் தேவை.

முதலில் சோதனை

செக்கு வாங்காமலே இத்தொழிலைச் சோதிக்கலாம். சொந்தக் கடலையில் 50 கிலோ பருப்பை அயலூர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டினால் 22 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். பதிவு பெற்று, முறைப்படி அடைத்து முத்திரையிட்டுத் தெரிந்த வீடுகளுக்கு விற்க வேண்டும். யார் வாங்கினார், யார் மறுமாதமும் கேட்டார், பணம் என்று வந்தது என்பதை நோட்டில் குறித்து வர வேண்டும். மூன்று மாதம் இப்படிச் செய்தால் எவ்வழி ஏற்றது என்பது தெரிந்துவிடும். எதுவும் ஒத்துவராவிட்டால் நட்டம் சில புட்டிகளோடு போகும். நகையும் நிலமும் தப்பும்.