நூறும் நானூறும்

நம் தேனி மாவட்டத்தில் அல்லிநகரத்திலிருந்து கம்பம் வரை மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு, பூஞ்சிட்டு என்னும் சிறிய மாட்டுக்கு ஒரு தூரமும் பெரிய மாட்டுக்கு வேறொரு தூரமும் எல்லையாக வைக்கப்படுவது புதிய செய்தியன்று. மனிதன் ஓடும்போது மட்டும், நூறு மீட்டர்க்காரனும் நானூறு மீட்டர்க்காரனும் ஒரே விதமாக எடை தூக்கினால் போதும் என்று நினைப்பவர் பலர்.

முழு வேகத்தில் ஓடுகிறவனின் பாதம் தரையில் தங்குவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரந்தான். கால்களை வீசும் சுறுசுறுப்பைவிட, அந்த க்ஷணத்தில் தரையை எவ்வளவு பலமாக உதைக்கிறான் என்பதே உச்ச வேகத்தை நிர்ணயிக்கிறதென்று ஆய்வாளர் பீட்டர் வெயண்ட் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஆகவே நூறு மீட்டர் வீரன் பாரமான எடையுடன் மூன்று, நான்கு முறை ஸ்குவாட் என்னும் உட்கார்ந்தெழும் பயிற்சி செய்து, மூச்சு முற்றிலும் தணியும்வரை ஓய்வெடுத்து, மறுபடி தூக்குகிறான். சோம்பலென்று தோன்றும் அந்த ஓய்வு அப்பியாசத்தின் ஓர் அங்கமே. இருநூறுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். வளைவில் சாய்ந்து ஓட இடுப்புக்கும் கணுக்காலுக்கும் கூடுதல் உறுதி வேண்டும்.

நானூறின் விஷயம் வேறு. உசேன் போல்ட் 2009-இல் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். வான் நீக்கெர்க் 2016-இல் நானூறை 43.03-இல் முடித்தார், அதாவது ஒவ்வொரு நூறுக்கும் சராசரி பதினோரு விநாடிகூட ஆகவில்லை. தசையில் உடனடியாகக் கிடைக்கும் சக்தி சில விநாடிகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட, பிராணவாயு போதாமலே சர்க்கரைச் சத்து எரிந்து, தசையில் அமிலத்தன்மை ஏறி, கடைசி நூறில் கால் கட்டிக்கொள்கிறது. அங்கே வேண்டாத தசைப்பருமன் வெறும் சுமை. எனவே பாரமான எடையை அளவோடு நிறுத்தி, நடுத்தர எடையைக் குறைந்த ஓய்வுடன் பலமுறை தூக்குவதும், மேட்டில் திரும்பத் திரும்ப ஓடுவதும் இவர்களுக்கு உகந்தவை. போடிமெட்டு அடிவாரத்து ஏற்றத்தை நம் பிள்ளைகள் பயன்படுத்தலாம், லாரிகள் வராத விடியற்காலையில்! அவர்களுக்கு முன்மாதிரியும் உண்டு: 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் நானூறு நானூறாக ஓடிய இந்தியர் நால்வரில் ரேவதி, சுபா, ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டினர். ரேவதி நமக்கு அண்டையிலுள்ள மதுரைக்காரர்.

எந்தத் தூரக்காரரையும் அச்சுறுத்துவது தொடையின் பின்தசை கிழிவது. அதற்கொரு பயிற்சிக்கு இயந்திரமே தேவையில்லை: முழங்காலிட்டு, தோழன் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் முன்பக்கமாக மெல்லச் சாய்ந்து, விழுவதை இயன்றவரை தடுத்து, கடைசியில் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் தசை கடுமையாக வலிக்குமாதலால், பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் இதைத் தொடங்கலாகாது.