படுக்கைக்குக் கீழே டார்பிடோ!

மெர்கோங்கிலிருந்தோ சுங்கைப்பட்டாணியிலிருந்தோ பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் பெரி பிடித்துப் பினாங்குக்குப் போகிறோம். அந்தக் கடலில் ஒரு காலத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் போய்வந்தன என்றால் நம்புவீர்களா?

ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், ஜெர்மானியர் பினாங்கில் ஒரு தளம் வைத்திருந்தார்கள். நம் மக்கள் நெஞ்சில் இருக்கும் நேதாஜியும் இப்படி ஒரு கப்பலில்தான் வந்தார். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யு-180 என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரலில், மடகாஸ்கர் தீவுக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் ரப்பர் மிதவை மூலம் ஜப்பானியரின் ஐ-29 கப்பலுக்கு மாறினார். அந்த ஐ-29 புறப்பட்ட இடம் நம் பினாங்கு!

இந்தக் கப்பல்களின் உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது?

நீண்ட பயணம் செய்யும் ஒன்பதாம் வகைக் கப்பல் ஒன்றில் பொதுவாக 22 டார்பிடோக்களுக்கு இடம் உண்டு. முன்பக்கம் நான்கு, பின்பக்கம் இரண்டு என ஆறு குழாய்கள். அவற்றில் ஆறு டார்பிடோக்கள் தயாராக இருக்கும். மேலும் ஆறு கப்பலுக்குள்ளே. மீதிப் பத்து மேல்தளத்தின் அடியில் நீர் புகாத உருளைகளில்.

ஒரு டார்பிடோ 7 மீட்டர் நீளம். எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். அதன் தலையில் மட்டும் 280 கிலோ வெடிமருந்து. உள்ளே இருப்பவை தரைப் பலகைக்குக் கீழேயும் படுக்கைகளின் பக்கத்திலும் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மாலுமிகள் அவற்றோடு ஒட்டித்தான் படுத்தார்கள். நம் லயத்து வீடே தாராளம் எனலாம்! ஒரு டார்பிடோவைச் சுட்டுவிட்டால் அந்த அறையில் கொஞ்சம் கால் நீட்ட இடம் கிடைக்கும். அந்த நிம்மதி எங்கோ ஒரு கப்பல் மூழ்கிய பிறகு வந்த நிம்மதி!

சுட்டதும் கப்பலின் எடை குறையும். உடனே அந்த அளவு கடல்நீரைத் தொட்டிகளில் ஏற்ற வேண்டும்; இல்லையேல் முன்பக்கம் மேலெழுந்து எதிரியின் கண்ணில் பட்டுவிடும்.

பீரங்கிக் குண்டுகளை நடு அறைப் பக்கம் தரைக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல். சண்டை வந்தால் ஆள் மாற்றி ஆள் கையில் கொடுத்து, குறுகிய ஏணி வழியே மேலே அனுப்புவார்கள். சில குண்டுகள் மட்டும் மேல்தளத்து நீர் புகாப் பெட்டிகளில் தயாராக இருக்கும்.

மின்சார டார்பிடோவைச் சில நாட்களுக்கு ஒருமுறை குழாயிலிருந்து வெளியே இழுத்து, பேட்டரியைச் சோதித்து மின்னேற்ற வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் நெடுநாள் கிடந்த பேட்டரிகள் கெட்டுப்போயின. ஐரோப்பாவிலிருந்து புதிதாகக் கொண்டுவருவதோ பெரும்பாடு.

திரும்பும்போது ஆயுதத்தின் இடத்தைச் சரக்கு பிடித்தது. 1944 ஜனவரியில் பினாங்கிலிருந்து புறப்பட்ட யு-188 ஈயம், ரப்பர், கொயினா முதலியவற்றோடு ஜூனில் பிரான்ஸின் போர்டோவை அடைந்தது. ஈயக் கட்டிகளைக் கப்பலின் அடிப்பாகத்தில் வைத்தால் கப்பலை நிலையாக நிறுத்தும் பாரமும் அதுவே. நம்மவர் கைகள் வெட்டிய மரத்தின் பாலும், ஈய லம்பத்தில் தோண்டியதும் இப்படித்தான் அந்நியனின் போருக்குத் தீனியாயின. அதே நாட்களில் நம் தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாக் கப்பலும் ஊர் சேரவில்லை. 1944 ஏப்ரலில் கீலிலிருந்து புறப்பட்ட யு-859, 31 டன் பாதரசத்தோடு ஏறக்குறைய ஆறு மாதம் கடலில் தவித்தது. பினாங்கை நெருங்கிய வேளையில், செப்டம்பர் 23 அன்று, பிரிட்டிஷ் நீர்மூழ்கியான டிரென்சன்ட் அதைத் தாக்கியது. 47 பேர் மாண்டனர். 20 பேர் பிழைத்தனர். 1970-களில் அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதியை மூழ்கிகள் மேலே எடுத்தபோது, அது யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. தீர்ப்பு ஜெர்மனிக்குச் சாதகமாக வந்தது.

பாதரசத்துக்கு உரிமை கேட்க ஆள் இருந்தது. அந்த 47 உயிர்களுக்கும், சயாம் காட்டில் புதைந்த நம் உயிர்களுக்கும் எந்த நீதிமன்றம் கணக்குத் தீர்க்கும்? அடுத்த முறை பெரியில் போகும்போது, பிள்ளைகளுக்கு அந்தக் கடலைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.