அவியல்னா கூட்டு மட்டும் இல்லீங்க! ராக் இசையையும் எலக்ட்ரானிக் சத்தத்தையும் கலந்த மலையாள இசைக்குழு

காலாப்பட்டு:

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வந்தால் புதுவை பல்கலைக்கழகம். 1985-ல் தொடங்கிய இங்கே கேரளாவில் இருந்து வந்து படிப்பவர்கள் நிறைய பேர். புதுவை மாநிலத்தைச் சேர்ந்த மாகியே மலையாளம் பேசும் ஊர்தானே!

அவர்களிடம் ‘அவியல்' என்று சொல்லிப் பாருங்கள். சிலர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். சிலர் கிடாரைப் பற்றிப் பேசுவார்கள்.

2003-ல் திருவனந்தபுரத்தில் உருவான இசைக்குழு ‘அவியல்'. டோனி ஜான், கிடார் வாசிக்கும் ரெக்ஸ் விஜயன், பாடகர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள்.

அப்போதெல்லாம் ராக் என்றால் இங்கிலீஷ்தான். கேரளாவிலும் அதே கதை. ரெக்ஸ் விஜயனே முன்பு ‘மதர்ஜேன்' என்ற இங்கிலீஷ் ராக் குழுவில் வாசித்தவர். தாய்மொழியில் பாடணும் என்றால் சினிமா பாட்டு, இல்லாவிட்டால் பக்திப் பாட்டு. நம்ம ஊர் திருவிழா ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தானே!

அவியல் அதை உடைத்தது. ‘நட நட' என்ற பாட்டுதான் அவர்களை வெளியே காட்டியது. நமக்கும் அர்த்தம் சொல்ல வேண்டாம், அதே ‘நட'தான்.

கலப்பது எப்படி?

ஒரு பக்கம் கிடார், டிரம்ஸ். இன்னொரு பக்கம் டி.ஜே. மேசை. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ‘விக்கு விக்கு' என்று சத்தம் எழுப்புவது டோனி ஜானின் வேலை. கூடவே சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டின் சத்தம்.

கேட்க சுலபம், வாசிப்பது கஷ்டம். மெஷின் தாளம் பிசகாது, மனுஷன் பிசகுவான். அதனால் இந்த மாதிரி குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவர் காதில் ‘டிக் டிக்' என்று ஓடும் தாளத்தைக் கேட்டுக்கொண்டே அடிப்பதுண்டு. ஒரு அடி தப்பினால் மேடையே தடுமாறிவிடும்.

ஆனந்த்ராஜ் ஆல்பம் வருவதற்கு முன்பே விலகிவிட்டார். பாடும் பொறுப்பு டோனி மேல் விழுந்தது. டிரம்சுக்கு மிதுன் புத்தன்வீட்டில் வந்தார். பேஸ் கிடாருக்கு ‘கைலாசா' குழுவின் நரேஷ் காமத் வந்தார். 2008-ல் ‘அவியல்' ஆல்பம் வெளியானது. மொத்தம் 8 பாட்டு.

அதில் ஒன்று ‘ஆடு பாம்பே'. நாராயண குரு எழுதிய குண்டலினிப் பாட்டு அது. தலைப்பைக் கேட்டதும் நம்ம பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம் வருகிறதா? வரணும். பாம்பைப் பார்த்துப் பாடும் அந்த வழக்கம் சித்தர் பாட்டில் உள்ளதுதான். நாராயண குரு தமிழும் அறிந்தவர், தமிழிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிடார் கட்டினால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே கொஞ்சம் துணிச்சல் வேணும்.

சினிமா இழுத்தது

ஆல்பம் போட்டு மட்டும் காலம் தள்ளுவது நம்ம நாட்டில் லேசு இல்லை. 2011-ல் ‘சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவியலின் ‘ஆனக்கள்ளன்' வந்தது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு' படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசை அமைத்தார். பிறகு ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி', ‘மாயாநதி' என்று வரிசையாகப் படங்கள். எந்த சினிமா பாட்டுக்கு மாற்றாக வந்தார்களோ, அந்த சினிமாவே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2008-ல் கேட்ட அந்த முரட்டுச் சத்தம் தனி.

‘சால்ட் அண்ட் பெப்பர்' 2014-ல் ‘உன் சமையலறையில்' என்று தமிழில் வந்தது. இசை இளையராஜா. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு'வும் ‘புலிவால்' ஆனது. அதற்கும் வேறு இசையமைப்பாளர்.

இரண்டு படமும் எல்லை தாண்டி வந்தும் அவியல் சத்தம் மட்டும் கூட வரவில்லை. கேட்கணும் என்றால் காலாப்பட்டு பிள்ளைகளிடம் போனை வாங்கித்தான் கேட்கணும்.